ஆறுதலும் ஆற்றுதலும்: அக அமைதி வணிகத்துக்கு ஒரு மறுப்பு

அமைதி உனக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியில் தேடாதே. இவ்வாக்கியத்தை ஒருமுறையேனும் கேளாத தமிழர் இன்று அரியர். சொற்பொழிவு மேடையிலும், வார இதழின் கடைசிப் பக்கத்திலும், அலுவலகப் பயிலரங்கிலும், கைப்பேசிச் செயலியிலும், தினசரி நாள்காட்டியின் அடிவரியிலும் அது பல்கிக் கிடக்கிறது. சொல்பவர் காவி உடுத்தவராக இருக்கலாம். கழுத்துப்பட்டை அணிந்த மேலாண்மை வல்லுநராகவும் இருக்கலாம். சரக்கு ஒன்றே. 3 நாள் முகாம், 5 நாள் வகுப்பு, 21 நாள் பயிற்சி என்று பொட்டலத்தின் அளவு மட்டும் மாறுகிறது.

இதனை மறுக்கப் புகுகிறோம். அகத்தில் அமைதி என ஒன்று இல்லவே இல்லை என்பது நம் கட்சியன்று. அது அங்கே ஊற்றுப்போல் எப்போதும் ஊறிக் கிடக்கிறது, இறைக்கத் தெரியாதவனே துயருறுகிறான் என்னும் கட்சியைத்தான் மறுக்கிறோம். அமைதி முழுக்க முழுக்க உனக்குள் இருக்கிறது என்றால், அமைதியின்மையும் முழுக்க முழுக்க உன் பொறுப்பாகிவிடுகிறது. உறக்கம் வரவில்லையா? நீ சரியாக மூச்சு விடவில்லை. துயரம் ஆறவில்லையா? நீ இன்னும் பற்றை விடவில்லை. நோயாளியையே குற்றவாளியாக்கும் இந்தத் தருக்கத்தை இவ்வளவு இனிமையான குரலில் வேறெந்த வணிகமும் சொன்னதில்லை.

பொதுவாகப் பேசினால் இவ்விவாதம் ஆகாயத்தில் பறக்கும். ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்கில், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டிய கறம்பக்குடி. தென்னையும் பலாவும் முந்திரியும் நிலக்கடலையுமாக வாழும் வட்டாரம். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், கடலிலிருந்து இத்தனை தொலைவிலிருக்கும் இவ்வட்டாரத்தையும் விட்டுவைக்கவில்லை. புயல் என்றால் கடற்கரைக்காரர் பாடு என்று இருந்த உள்நாட்டுச் சிற்றூர்களில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. வடகாடு, மாங்காடு பக்கத்துப் பலா மரங்கள் வேரோடு பெயர்ந்தன. டெல்டாவிலும் இம்மாவட்டத்திலுமாக ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல ஊர்களில் விளக்கெரிய வாரங்கள் ஆயின. மின்சாரம் இல்லையேல் ஆழ்துளைக் கிணற்றில் நீரும் இல்லை.

அந்த வாரங்களில் கறம்பக்குடி வட்டாரத்தில் அமைதி நிலவியது. ஆம், அமைதியேதான். மோட்டார் ஓடவில்லை; தொலைக்காட்சி இல்லை; கைப்பேசிகள் செத்துக் கிடந்தன; கீற்றுகள் உரசும் ஓசைகூட இல்லை, உரசுவதற்குக் கீற்றுகள் இல்லாமையால். முகாம் நடத்துவோர் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு தருகின்ற தனிமை, இருள், கருவிகளற்ற மௌனம் அனைத்தும் விலையின்றி வந்து வாய்த்திருந்தன. அந்த மௌனத்தில் யாருக்கேனும் உள்ளூற்று சுரந்ததா? வெளியே நிலவும் சந்தடியின்மைக்கும் உள்ளத்தின் தணிவுக்கும் இடையிலுள்ள தொலைவை அந்நாள்களில் அங்கிருந்த எவரும் சொல்வர்.

‘அமைதி’ என்னும் சொல்லுக்கு இங்கே இன்னொரு வாழ்வும் உண்டு. அது வட்டாட்சியர் அலுவலகத்தின் சொல். எங்கே பூசல் எழுந்தாலும் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ கூட்டப்படும். பொதுமக்கள் ‘அமைதி காக்குமாறு’ கேட்டுக்கொள்ளப்படுவர். 2018 நவம்பர் 17ஆம் நாள், உதவி வந்து சேரவில்லை என்ற சீற்றத்தில் ஆலங்குடி வட்டத்துக் கொத்தமங்கலத்தில் சாலை மறியல் நடந்து, அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. தொடர்ந்து பலர் கைதாயினர். எரித்ததை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும், குடிக்க நீர் கேட்டவனிடம் அமைதி காக்கச் சொன்ன அதிகாரக் குரலும், கடனில் தவிப்பவனிடம் உள்ளே பார்க்கச் சொல்லும் ஆசிரமக் குரலும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன என்பதைச் சுட்டாதிருக்க இயலவில்லை. இரண்டும் கேட்பது சத்தமின்மையை.

இனி மொழிக்கு வருவோம். நம்மைப் போன்ற இலக்கியப் பித்தர்கள் நம்பிக்கையோடு கால்வைக்கக்கூடிய நிலம் அதுதான்.

துயர் தணிவதற்குத் தமிழில் ஒரு வினைச்சொல் இருக்கிறது: ஆறுதல். சூடு ஆறுகிறது. சினம் ஆறுகிறது. புண் ஆறுகிறது. நடந்து களைத்தவர் இளைப்பாறுகிறார். உண்பவர் பசியாறுகிறார். இழவு கண்டவர் ஆறுதல் அடைகிறார். ஓய்வு, உணவு, காயம், துயரம் என்று இக்காலத்தார் வெவ்வேறு துறைகளுக்குப் பகுத்துக் கொடுத்துவிட்ட நான்கையும் தமிழ் ஒரே வினையில் கட்டி வைத்திருக்கிறது. பசி ஆறாதவனுக்குத் துயர் ஆறாது என்பதை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, அகராதியே போதும். உழவரின் பேச்சிலும் இவ்வினை உண்டு. உழுத நிலத்தை ‘ஆறப்போடு’ என்பர். கறம்பக்குடி என்றதும் நமக்குக் ‘கரம்பு’ என்னும் சொல் நினைவில் தட்டுகிறது. ஊர்ப்பெயரில் வல்லினம், நிலப்பெயரில் இடையினம். ஆகவே சொற்பிறப்பு பேசவில்லை. ஆனால் பயிரிடாது விடப்பட்ட கரம்பு நிலத்தைக் குறைசொல்லாத ஒரு மொழி நம்மிடம் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம். ‘உன் விளைச்சல் உனக்குள்ளேயே இருக்கிறது’ என்று கரம்பைப் பார்த்து எந்த உழவரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. மழைக்கும் ஆட்டுக்கிடைக்கும் காத்திருப்பார்.

‘ஆறு’ என்பது தன்வினை. அதன் பிறவினை ‘ஆற்று’. தாய் பாலை ஆற்றித் தருகிறாள். தேநீர்க்கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயர்த்தி ஊற்றி ஆற்றுகிறார். ஒன்று ஆறுவதற்குக் காலம் வேண்டும். ஆற்றுவதற்கு இன்னொருவர் கை வேண்டும். அக அமைதி வணிகர்கள் இவ்விரண்டையும் சட்டென வெட்டியெறிந்துவிடுகின்றனர். காலத்தை 5 நாளாகச் சுருக்குகின்றனர். கையை ஒரு காணொளியாக மாற்றிவிடுகின்றனர்.

சங்க அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பொறுத்திருத்தல் என்னும் பொருளில் ‘ஆற்றுதல்’ அங்கே திரும்பத் திரும்ப வரும். பிரிவினால் ஆற்றாத தலைவி. அவளை ஆற்றுவிக்கும் தோழி. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். நம் கவிதை மரபில் அகத்து அமைதிக்கு அதனினும் மிக அருகிலுள்ள நிலை வேறில்லை. அந்த இருத்தல் தனிமையில் நிகழ்வதன்று. கார் வரும், அவர் வருவார் என்று சொல்லிக்கொண்டு தோழி அருகிலிருக்கிறாள். சில நேரம் அது கார் அன்று, பருவமறியாது பெய்த வம்ப மாரி என்று பொய்யும் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு உனக்குள் தேடு என்று சொல்லிவிட்டுத் தோழி எழுந்து போகும் பாடல் ஒன்றை நாம் கண்டதில்லை.

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான படைக்கலத்தை எடுக்கும். சும்மா இருத்தலைப் போற்றிய தாயுமானவர் இல்லையா, மௌனத்தில் உறைந்த சதாசிவப் பிரமேந்திரர் இல்லையா, அவர்களும் வணிகர்களோ என்று கேட்பர். நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. மேலும், விடை இப்புதுக்கோட்டை மண்ணிலேயே இருக்கிறது.

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சமண முனிவர் உலகொதுங்கிக் கிடந்த இடம். உள்முகத் தேட்டத்துக்கு இதைவிடக் கடுமையான சான்று தமிழ்நாட்டில் அரிது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு என்ன சொல்கிறது? எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, வேற்றூரைச் சேர்ந்த இளையர் என்பார் செய்து கொடுத்த இருக்கை என்று சொல்கிறது. தியானத்தின் பெருமையையோ அகவொளியின் சிறப்பையோ அது பேசவில்லை. யாருக்கு, யார், செய்தது: அவ்வளவே. கல்லை வழித்துப் படுக்கையாக்கிய கையின் பெயரைக் கல்லிலேயே எழுதினர். துறவியின் தனிமைகூட இன்னொருவர் உழைப்பின்மேல்தான் படுத்துறங்கியது. அதை மறைக்க அக்காலத்தார்க்கு மனமில்லை.

சதாசிவப் பிரமேந்திரரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் வழியிலுள்ள திருவரங்குளக் காட்டில் 1738இல் தொண்டைமான் மன்னர் அவரைக் கண்டதாகச் சமஸ்தான வரலாறு கூறும். பேசா விரதம் பூண்டவர் மணலில் எழுதி உபதேசித்தார். அம்மணலை அரண்மனையில் வைத்து வழிபட்டனர். உள்ளேயே பார் என்று கூறி அவர் மன்னரை விட்டுவிடவில்லை. கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்பாரைக் குருவாகக் கொள்ளும்படி காட்டினார் என்பது வழக்கு. உலகை முற்றும் துறந்த மௌனியும், உதவி தேடி வந்தவனை மற்றொரு மனிதனிடம் ஆற்றுப்படுத்தினார். (ஆற்றுப்படையின் ‘ஆறு’ வழியைக் குறிப்பது, நாம் மேலே பேசிய ‘ஆறு’ வேறு என்பதை அறிவோம். ஆயினும் துயர்ப்பட்டோர்க்கு வழிகாட்டும் உளவியல் பணியை இன்று ‘ஆற்றுப்படுத்தல்’ என்று பெயரிட்டழைப்போர் இரண்டு ஆறுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டனர். அழகான கலப்பு.)

தாயுமானவர் வரலாறும் இவ்வாறே. திருச்சி நாயக்கர் அவையில் கணக்கு வேலை பார்த்த அவரை மௌனகுரு உடனே துறவுக்கு இழுத்துச் செல்லவில்லை. இல்லறத்தில் இருக்குமாறு திருப்பியனுப்பினார் என்பர். மணம் புரிந்து, மகவு பெற்று, மனைவியை இழந்த பின்னரே அவர் துறந்தார். வடலூரிலோ வரிசையே சான்று. இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டியது 1867இல். ஒளி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபை திறக்கப்பட்டது 1872இல். அடுப்பு முந்தியது, சோதி பிந்தியது. இடையே 5 ஆண்டுகள். அந்த அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. வணிகர்கள் இவ்வருளாளர்களின் படங்களை மேடையின் பின்புறத்தில் மாட்டிக்கொள்கின்றனர். வரிசையை மட்டும் மாற்றிவிடுகின்றனர்.

மீண்டும் கறம்பக்குடிப் பக்கம் வருவோம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து அமர்க என்பது எல்லா முகாம்களுக்கும் பொதுவான முதல் விதி. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்து மலர்க் கொல்லைகளில் மல்லிகையும் முல்லையும் பறிக்கும் பெண்கள் அதற்கு முன்பே எழுந்துவிடுகின்றனர். மொட்டு விரியுமுன் பறித்தால்தான் சந்தையில் விலை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில், பாம்புக்கு அஞ்சியபடி, செடி செடியாகக் குனிகின்றனர். விடிந்த பின் வீட்டு வேலை, பின் நூறுநாள் வேலை அல்லது கடலைக் கொல்லை. இவர்களுக்குக் குறைவாக இருப்பது விழிப்புணர்வு அன்று, உறக்கம். இவர்களிடம் போய், நான்கு மணிக்கு எழுந்து பழகுங்கள் அம்மா என்று சொல்ல நாக்கூச வேண்டாமா?

உறக்கத்தைக் கெடுப்பது உடலுழைப்பு மட்டுமன்று. கஜாவுக்குப் பின் டெல்டாவிலும் இம்மாவட்டத்திலும் நுண்கடன் தவணை பெருஞ்சிக்கலாயிற்று. கூரை பறந்த வீட்டு வாசலில் தவணைக்காரர் நின்றார். குழுக்கடனின் இயல்பு அது: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், ஆகவே அண்டை வீட்டுக்காரியே கடன்காரியின் முகமாகிவிடுகிறாள். யார் அருகில் வந்தமர்ந்து ஆற்ற வேண்டுமோ அவளையே அச்சமூட்டுபவளாக மாற்றும் ஏற்பாட்டைப்போல் அமைதியைக் குலைப்பது வேறொன்றில்லை. கடன் வசூலில் அச்சுறுத்தலைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அது எவ்வளவு பயன் தரும் என்பது நடைமுறையில் தெரியவேண்டியது. ஆனால் கறம்பக்குடிப் பெண்ணொருத்தி திங்கட்கிழமை இரவு உறங்குவதற்கு, நூறு வழிகாட்டு தியான ஒலிப்பேழைகளைக் காட்டிலும் செவ்வாய்க்கிழமை வாசலில் கூச்சல் இராது என்னும் உறுதி பெரிதும் உதவும். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

அச்சம் நீங்குதல் என்பதற்கு இவ்வட்டாரமே இன்னொரு சான்றும் வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் அண்டையிலுள்ள நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க நடுவண் அரசு இசைவளித்தபோது, அவ்வூர் மக்கள் திடலில் பந்தலிட்டு அமர்ந்தனர். வடகாடும் நல்லாண்டார்கொல்லையும் சேர்ந்துகொண்டன. நாள் கணக்கில் அங்கேயே சோறு, அங்கேயே பேச்சு, குழந்தைகளும் அங்கேயே. உளவியல் நூல்கள் அதைச் சிகிச்சை என்று அழைக்கமாட்டா. ஆனால் வீட்டுக்குள் தனித்தனியே அஞ்சியவர்கள் ஒன்றாக அமர்ந்து அஞ்சியபோது அச்சத்தின் எடை பங்கிடப்பட்டது. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கறம்பக்குடி ஒன்றியமும் திருவரங்குளம் ஒன்றியமும் இடம்பெற்றன. அச்சட்டத்தின் ஓட்டைகள் தனிக் கட்டுரைக்குரியவை. அது பிறந்தது கண்மூடி அமர்ந்தவர்களால் அன்று என்பது மட்டும் உறுதி.

இனி துயரத்துக்கு வருவோம். வீழ்ந்த தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டியகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. போதாது என்று உழவர் கூறினர், அவ்வாதம் நியாயமானது. பணத்தால் தீராத பகுதியொன்றும் இருந்தது. மனிதர் இறந்தால் நமக்கு எட்டு உண்டு, பதினாறு உண்டு, தலைத்திவசம் உண்டு. பெண்கள் வட்டமாக அமர்ந்து கட்டிக்கொண்டு அழுவர். ஒப்பாரியில் இறந்தவரின் குணம் மட்டுமா வரும்? அழுபவளின் மாமியார் கொடுமையும் பிறந்தவீட்டுக் குறையும் எல்லாம் வெளியே வந்துவிடும். துயரை ஊர் முன் சத்தமாக இறக்கிவைக்க நம் மூத்தோர் கண்ட ஏற்பாடு அது. மரத்துக்கு எட்டும் இல்லை, பதினாறும் இல்லை. தாத்தா நட்ட தோப்பு ஓரிரவில் போனால் எந்த நாளில் மொட்டையடித்துக்கொள்வது? வடிவமில்லாத துயரம் அது. மரத்துண்டுகளை அறுத்து ஏற்றிச்செல்ல லாரிகள் வந்தபோது, பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது என்று பலர் கூறியதை அந்நாளைய செய்திகள் பதிவு செய்தன.

இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்பது மரபியலே ஒப்பும் இளமைப்பெயர். ஐம்பது ஆண்டு மரத்தையும் ‘எம்பிள்ளை போச்சே’ என்று அழுதால் அது திணை மயக்கம், அஃறிணை உயர்திணையாயிற்று. நன்னூலார் அதை வழு என்று தள்ளமாட்டார். உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்பார். பசுவை அம்மை என்றழைப்பவனுக்கு அளித்த சலுகை இவனுக்கும் உண்டு. ‘அமைதி’ என்னும் சொல்லுக்கு நாம் அறிந்தவற்றுள் மிகப் பெருந்தன்மையான பொருள் இந்த இலக்கணப் பொருளே. வழு வழுவாகவே இருக்கிறது. அதைத் திருத்தி எழுதவில்லை. காரணம் கேட்டு, இடம் கொடுத்து, அமைத்துக்கொள்கிறோம். துயருற்றவர் மனத்துக்கு வேண்டியது வழாநிலை என்று கருதுவோர் முகாம் நடத்துகின்றனர். வழுவமைதி போதும் என்பது நம் நிலைப்பாடு.

வெளியுலகம் இதில் எங்கே நிற்கிறது என்றும் பார்ப்போம். நாம் ஏதோ பழம்பெருமை பேசுவதாக எண்ணிவிடக் கூடாது. பேரிடர் முடிந்த கையோடு வந்து, பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்து உணர்ச்சிகளை வடித்துவிடும் முறை மேலைநாடுகளில் வெகுவாகப் பரவியிருந்தது. 2002இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் பின்னாளைய மனவடு தடுக்கப்படவில்லை என்று கண்டது. சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. உணவுக்கும் உறவினருக்கும் உதவிக்கும் இணைத்துவிடு என்கிறது. உள்ளே இறங்கித் தேடச் சொல்லவில்லை.

ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா கதை நம் திண்ணைகளுக்கு மிக அருகில் வருகிறது. அவருடைய நோயாளியான இளம்பெண்ணொருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு அழைத்துவரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்றார் தாய். அதன்பின் 2006இல் ஹராரே நகரின் எளிய குடியிருப்பொன்றில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, மருத்துவ நிலையத்தின் வெளியே மரத்தடி விசுப்பலகைகளில் அமரவைத்தார். முதலில் ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தபோது ஒருவரும் அமரவில்லை. பாட்டிகள் சொன்னபடி ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றினர். பாட்டிகள் ஒளியையோ வெளியையோ பேசுவதில்லை. வந்தவர் பாடுகளைக் கேட்டு, அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்து, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கின்றனர். இம்முறையின் முதற்படிக்கு ஷோனா மொழியில் அவர்கள் இட்ட பெயருக்கு மனம் திறத்தல் என்று பொருள். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, இப்பாட்டிகளிடம் வந்தோர்க்கு வழக்கமான கவனிப்பைப் பெற்றோரைவிடத் துயர்க்குறிகள் நன்கு தணிந்ததைக் காட்டியது. ‘மிகுந்த யோசனை’ என்று அம்மக்கள் தம் நோயைக் குறிக்கின்றனர். நம் வீட்டுப் பெண்களும் வேறென்ன சொல்கிறார்கள்? ‘ஒரே யோசனையா இருக்கு’ என்றுதானே.

ஈழத்தில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னும் முன்பே இவ்வழியில் நடந்தார். போருக்கு நடுவில், 1993இல், ஊர்ப் பணியாளர்களுக்கென ‘மனவடு’ என்னும் கைநூலைத் தமிழில் எழுதினார். துயரம் தனிமனிதருக்குள் மட்டும் நிகழ்வதன்று. குடும்பமும் ஊரும் சேர்ந்தே சிதைகின்றன, சேர்ந்தே தேற வேண்டும் என்பது அவர் பல்லாண்டு வலியுறுத்திய கருத்து. அவரே மூச்சுப்பயிற்சி, ஜபம், சாந்தியாசனம் போன்ற மரபுவழித் தளர்த்தல் முறைகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூச்சுப்பயிற்சிக்கு நாம் பகையல்லோம். பத்து நிமிடம் கண்மூடி அமர்ந்து பதற்றம் தணிபவர் தாராளமாக அமரட்டும். அது ஒரு கைவைத்தியம், சுக்குக் கஷாயம்போல. சுக்குக் கஷாயத்தைக் கொடுத்துவிட்டு, குணமாகாதவனின் சிரத்தையின்மையைப் பழிப்பவனோடுதான் நமக்கு வழக்கு. உண்மையான மனச்சோர்வு நோய் வந்தவரை மருத்துவரிடம் விடாமல் வகுப்பிலேயே உட்கார்த்திவைப்பது வழக்கையும் தாண்டிய குற்றம். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி ஆலோசனை எண் கட்டணம் கேட்பதில்லை. உள்ளொளி தருவதாகவும் சொல்வதில்லை.

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஹராரேயின் அந்தத் தாயை நினைத்துக்கொண்டு இத்தொலைவைப் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை எவரும் மனநலத் திட்டங்களின் கணக்கில் சேர்த்ததில்லை. அக்காள் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மாலைக்குள் திரும்ப ஒரு பெண்ணுக்கு வழி பிறந்ததே, அது எந்தக் கணக்கு?

நெட்டை ரகத் தென்னை பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2019இல் இவ்வட்டாரத்தில் நட்ட கன்றுகள் அண்மையில்தான் காய்ப்புக்கு வந்துள்ளன. பழைய தோப்பின் விளைச்சலை எட்ட இன்னும் ஆண்டுகள் செல்லும். பலாவும் அவ்வாறே. அதுவரையில் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் காற்றுச் சற்றே ஓங்கினாலும் எழுந்து உட்கார்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பற்றற்றிருங்கள் என்று சொல்லப் போகிறவர்களுக்கு நாம் விடுக்கும் அழைப்பு இதுதான். உங்கள் முகாமை ஒரு நவம்பரில் கறம்பக்குடியில் நடத்துங்கள். பூப்பறிக்கும் நேரத்தில் வேண்டாம். தவணை நாளிலும் வேண்டாம். வருபவர்க்குப் பகலுணவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், அன்றைய கூலியும் ஏற்பாடு செய்யுங்கள். பேசவேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் ஓரத்தில் அமர்ந்து கேளுங்கள். அடுத்த நவம்பரிலும் வாருங்கள், அதற்கடுத்த நவம்பரிலும். ஏழாம் ஆண்டு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.